அடுப்புக்குக் கீழே நானூறு வெள்ளிக்காசு

என் மாமியார் கனகாம்பாளைப் பற்றிப் பர்மாவில் எங்கள் கெமண்டைன் பக்கம் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்பார்கள். அடுத்தவர் காசில் ஒரு சல்லி தொடமாட்டாள் என்பார்கள். உண்மைதான். அந்த நல்லதனத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சிதம்பரம் செட்டியார் வீட்டில் அத்தை சமையல்காரி. கீழே செங்கல்லும் மேலே தேக்குமாக வெள்ளைக்காரன் காலத்தில் எழுப்பிய பெரிய வீடு அது. அறுபத்து நான்கில் சொத்தையெல்லாம் பர்மா சர்க்கார் எடுத்துக்கொள்ள, செட்டியார் வெறுங்கையோடு கப்பலேற வேண்டியதாயிற்று. கிளம்பும் நாள் காலையில் அவரும் அத்தையுமாக நானூறு வெள்ளி ரூபாயைப் பித்தளைத் தவலையில் போட்டு, அடுப்புக்குக் கீழே புதைத்தார்கள். "கனகு, பாத்துக்க" என்றார் செட்டியார். சத்தியம் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையேதான் கற்பூரம் ஏற்றினாள். தன் மூன்று வயது மகள் கலாவின் தலையில் கை வைத்து, முதலாளி வீட்டு ஆள் வந்து கேட்கும்வரை தொடமாட்டேன், யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மீறினால் பிள்ளைக்கு ஆகாது. பேராசை பிடித்தவர்கள் கெடுவதைப் பார்த்திருக்கிறேன். இவள் விசுவாசம் பிடித்துக் கெட்டாள்.

அந்தக் கலாவைத்தான் நான் கட்டினேன். தவலை விஷயம் எனக்குத் தெரிந்தது ரொம்பக் காலம் கழித்து. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வீட்டின் முன்பக்கம் சர்க்கார் கிடங்கானது. பின்னறையும் அடுப்படியும் மட்டும் அத்தைக்கு மிஞ்சின. புருஷன் இல்லாதவள், பட்டாணி அவித்துக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று மகளை வளர்த்தாள். பர்மாக்காரர்கள் 'டோ கனகா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டர். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அந்தப் பின்னறைக்கே வந்துவிட்டேன். கையில் கொஞ்சம் சேர்த்திருந்தேன். எண்பத்தேழில் எழுபத்தைந்து சாட் நோட்டு செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதோடு போயிற்று.

மறு வருஷம் ஊரே கொந்தளித்துக் கிடந்த நாட்களில் கலாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொண்ணூறில் டாக்டர் கையை விரிக்கவில்லை, விலை சொன்னார். "இதயத்துல வால்வு கெட்டுப்போச்சு. ஆபரேஷன் பண்ணுனா பிழைச்சுக்குவா. முப்பதாயிரம் சாட் ஆகும். மருந்து, தையல் நூல், கையுறை, எல்லாம் நீங்கதான் வெளிய வாங்கித் தரணும்."

சைக்கிளை விற்றேன். ரேடியோவை விற்றேன். கலாவின் சங்கிலியைக் கழற்றி விற்றேன். ஒன்பதாயிரம் தேறியது. மழைக்காலம். குளிர் தாங்காமல் கலா அடுப்பை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவள் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி, அவள் உயிரின் விலை மண்ணுக்குள் கிடந்தது.

ஒரு நாள் மதியமே பட்டறையிலிருந்து திரும்பினேன். அடுப்பு நகர்ந்திருந்தது. அத்தை கையில் கடப்பாரை. தரையில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம். பாயில் கலா உதடு நீலம் பூத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை இது?"

"எலி வளை, மாப்பிள்ளை."

நான் கலாவைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவினேன். அத்தையோ மகள் பக்கம் வராமல், பள்ளத்தில் மண்ணைத் தள்ளி வெறிபிடித்தவள் போல மிதித்தாள். மண் மூடியதும் கலாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு கடப்பாரையைத் தொடவில்லை. பதினோராம் நாள் கலா செத்துப்போனாள். இருபத்தொன்பது வயது.

ஒன்பது வருஷம் கழித்து, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தது. இடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் பார்க்கவேண்டுமென்று செட்டியாரின் பேரன் ராமகிருஷ்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தார். கையில் மெட்டல் டிடெக்டர். பழைய காசு தேடுவது அவருக்குப் பொழுதுபோக்காம். நீளக் கம்பியின் நுனியில் தட்டு மாதிரி இருந்த அதைத் தோட்டம் முழுக்க ஆட்டிக்கொண்டு நடந்தார். கத்திய இடத்திலெல்லாம் தோண்டினார். ஆணி வந்தது, சோடா மூடி வந்தது, கடைசியில் இரண்டு செப்புக் காலணா வந்தது. குழந்தை மாதிரி குதித்தார்.

அத்தை குளித்துத் திருநீறு பூசி நின்றாள். இவ்வளவு தெளிவாக அவள் முகத்தை நான் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

"அங்க என்னத்தத் தேடுறீங்க தம்பி? முதலாளி வச்சது எங்கேன்னு ஒரு தரம் வாயால கேளுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அத்தை என்னையும் விடாமல் தானே அடுப்பை நகர்த்தினாள். டிடெக்டரை வைத்ததும் அது நிறுத்தாமல் அலறியது. தவலை வந்தது. காசெல்லாம் கறுத்திருந்தன, ஒன்றைத் துடைத்தால் ஜார்ஜ் ராஜா தலை பளிச்சென்று தெரிந்தது.

"நானூறு. எண்ணிக்குங்க தம்பி" என்று கைகூப்பினாள் அத்தை.

ராமகிருஷ்ணன் எண்ணவில்லை. தாத்தாவை அவர்கள் வீட்டில் ஐயா என்பார்கள். "நீங்க எடுக்கவே இல்லையா? எங்க ஐயா சாகுறதுக்கு முந்தியே சொன்னாகளே. கனகு பாவம், இந்நேரம் எடுத்துச் செலவழிச்சிருப்பா, அது அவளுக்கே இருக்கட்டும், ஒரு கடுதாசி போட்டுச் சொல்லிருங்கன்னு."

"எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள் அத்தை.

"எண்பத்தாறுல. ஆளாளுக்கு மத்தவுக போட்டுருப்பாகன்னு நெனச்சு, விட்டுப்போச்சு."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "அப்ப எடுத்திருக்கலாமா, மாப்பிள்ளை?"

எனக்கு எலி வளை ஞாபகம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு, சத்தியம் செய்த கதை வரைக்கும் அவள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டேன். கேட்டு முடித்ததும் அவள் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. எழுந்து வெளியே போய்விட்டேன். ராமகிருஷ்ணன் தவலையை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

இன்சீனில் ஒரு அறைக்குக் குடி மாறினோம். அவளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பேசவும் வாய் வரவில்லை. தவலை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அத்தை படுத்துவிட்டாள், சோற்றைத் தொடுவதில்லை. எடுத்திருக்கலாமா என்று தினமும் அதே கேள்வி. மூன்று மாதம் நான் பதில் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாகக் கிடந்தவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "எடுத்திருந்தாலும் ஆகியிருக்காது அத்தை. ஆபரேஷன் பண்ணுனாலும் பிழைக்கமாட்டான்னு டாக்டர் எங்கிட்ட தனியாச் சொன்னாரு. ஒங்ககிட்டதான் மறைச்சேன்."

"சத்தியமா?" என்றாள்.

"சத்தியமா. கலா மேல ஆணை" என்றேன்.

அன்றைக்கு அத்தை இரண்டு கவளம் சோறு சாப்பிட்டாள்.