எச்சமா, அந்துப்பூச்சியா?

பறவை எச்சத்தைக் கண்டால் ஊரே விலகிப் போகும். அதைக் குனிந்து பார்ப்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் நான். சில சின்ன அந்துப்பூச்சிகள், குருவி கொத்தாமலிருக்க, குருவியின் எச்சம் மாதிரியே வெள்ளையும் சாம்பலுமாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை இனங்கண்டு பெயர் எழுதுவது என் உத்தியோகம். சொந்தக்காரருக்குத் தங்கள் வேலையை விளங்கப்படுத்த முடியாமல் அவதிப்பட்டவர்களே, இது உங்களுக்குத்தான்.

பெண் பார்க்கப் போன இடம்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் பெண் வீடு. மாப்பிள்ளை அரசாங்க விஞ்ஞானி என்று தரகர் சொல்லியிருந்தார். விறாந்தையில் ஏறும்போதே தூணில் ஒன்றைக் கண்டுவிட்டேன். இரண்டு வருஷமாய்த் தேடிய இனம்! சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு தூணோடு தூணாக நின்றேன். அம்மா பின்னால் நின்று கிள்ளினா. நானும் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. மெல்ல விரலால் தொட்டேன்.

எச்சம்தான். புதியது.

யன்னல் சீலைக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. (அவதான் பிறகு என் மனைவி.) நிமிர்ந்தால், வாசலில் பெண்ணின் தகப்பன்.

"தம்பி, முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. சாதகத்தைப் பிறகு பாப்பம்."

கொட்டாஞ்சேனை வழக்கு

துறைமுகத்தில் கிளார்க்காயிருந்து பென்சன் எடுத்த கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் நெருப்புப்பெட்டியோடு வந்தார். மேல்வீட்டுக்காரரின் புறாக்கள் தன் சுவரை நாசமாக்குகின்றனவாம். புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. பெட்டிக்குள் இருப்பது புறா எச்சம்தான் என்று சாட்சிக்கு என் கையெழுத்து வேண்டும். பெட்டியைத் திறந்தேன். எச்சம் கால் நீட்டி மேசையில் நடந்தது.

"ஐயா, இது பூச்சி. புறாவில பிழையில்லை. வழக்கை விட்டிடலாம்," என்றேன், நல்ல செய்தி சொல்லும் சந்தோஷத்தில்.

மனிசனின் முகம் இருண்டுபோனது. என் பேனையின்மேல் கையை வைத்தார்.

"அப்பிடி எழுதிப்போடாதேங்கோ, மகன். மனிசி செத்த பிறகு நான் வெளிக்கிட்டுப் போறதுக்கு இருக்கிற ஒரே இடம் புதுக்கடைதான்."

நுணுக்குக்காட்டி கேட்ட கதை

பூச்சிகளைப் பெரிதாக்கிப் பார்க்கப் புது நுணுக்குக்காட்டி ஒன்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். கடிதத்தில் 'பறவை எச்சம்' என்றிருந்தபடியால் கோப்பு பறவைப் பிரிவுக்குப் போனது. அவர்கள் 'இது பறவையல்ல' என்று குறிப்பெழுதிச் சுகாதாரப் பகுதிக்குத் தள்ளினார்கள். சுகாதாரப் பகுதிதான் உடனே நடவடிக்கை எடுத்தது: வாளி, தும்புத்தடி, ஒரு தொழிலாளி.

நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், படமெடுக்க அலுவலகச் சுவரில் விட்டுவைத்திருந்த ஏழு பூச்சிகளும் போய்விட்டன. சுவர் பளபளத்தது. தொழிலாளி என்னைப் பரிதாபமாய்ப் பார்த்தார்.

"மாத்தயா, இவ்வளவு நாளும் இந்த ஊத்தைக்குள்ள எப்பிடி இருந்தீங்க?"

பூச்சிக்குப் பெயர் சொல்வது ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பெயர் யாருக்குமே வேண்டாத ஊரில் அதைச் சொல்லியே பென்சனும் எடுத்தேன் என்பதுதான் என் சாதனை.