சாட்சிக்கூண்டு பார்க்காத நீதிபதி

விசாரணை நீதிமன்ற வழக்குரைஞரின் தொழில் என்பது, பத்தரை மணிக்கு அழைக்கப்படும் என்று சொல்லப்பட்ட வழக்குக்காக நான்கு மணிவரை நின்றுகொண்டிருப்பதுதான். என்னோடு நின்று கால் வீங்கியவர்களுக்கே இதை எழுதுகிறேன். அப்படி நின்ற முப்பத்தெட்டு ஆண்டுகளில் எனக்கு ஒரு கொள்கை உருவாகியிருந்தது: விசாரணை நீதிமன்றத்தில் பத்தாண்டு பழகாத எவரையும் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கக் கூடாது. அதை மனுவாக நானே எழுதி, எங்கள் வழக்குரைஞர் சங்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தேசம்மாவின் வழக்கு வந்தது.

உட்கார்ந்திருந்தவள்

தேசம்மா காசிமேடு துறைமுகத்தில் வாங்குவோருக்கு மீன் நறுக்கிக் கொடுப்பவள். ஒரு நாள் காலை, பக்கத்து ஐஸ் கடைக்காரர் தம் வண்டிக்கு வழிவிடச் சொல்லி அவளுடைய கூடையைக் குனிந்து இழுத்தார். தரையெல்லாம் மீன் செதில். வழுக்கி விழுந்தவர், அவள் முன்னால் இருந்த அரிவாள்மனையில் கையை ஊன்றிவிட்டார். உள்ளங்கையில் பன்னிரண்டு தையல். வழக்கு, கொலை முயற்சி. ஐஸ் கடையில் வேலை பார்த்த மூவர், தேசம்மா எழுந்து நின்று கத்தியை ஓங்கி வீசியதைத் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள்.

கல்மண்டபத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஜாமீனில் வந்தவள் நாற்காலியில் உட்கார மறுத்து நின்றபடியே கேட்டாள்: "நான் குந்திகினு மீன் அறுத்துகினு இருந்தேன், அவன் வந்து வியுந்தான். வியுந்தவன் சாட்சி, குந்திகினு இருந்தவ கைதி. இது இன்னா நாயம் வக்கீலம்மா?"

"அதேதான் இது"

விசாரணை நடத்திய நீதிபதி இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ளவர். என் கொள்கைக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு. கைப்பற்றப்பட்ட ஆயுதம், "மரப்பிடியுள்ள இரும்பு வெட்டுக் கருவி" என்ற குறிப்போடு, அரக்கு முத்திரையிட்ட கோணிப்பையில் வந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோணி மேசைமேல் வைக்கப்படும், சாட்சி அதைப் பார்த்து, "அதேதான் இது" என்பார், எண் இடப்படும், கோணி மீண்டும் காப்பறைக்குப் போகும். மூன்று சாட்சிகளும் அந்தக் கோணியைத் தயங்காமல் அடையாளம் காட்டினார்கள்.

பிரித்துக் காட்டச் சொல்ல நான் பாதி எழுந்தேன். ஆனால் விடை தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். போலீசார் உள்ளே உண்மையிலேயே ஒரு கத்தியை வைத்திருந்தால்? அதோடு, பழைய மீன் நாற்றம் தாங்காமல் நீதிபதி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்று கத்தி வீசவில்லை, உட்கார்ந்து மீன் நறுக்கினாள் என்று பிறகு ஒரு மணி நேரம் வாதாடினேன். தீர்ப்பு, ஐந்தாண்டுச் சிறை. சாட்சிகளின் முகத்தை நேரில் கண்டு, தம் நீண்ட அனுபவத்தால் உண்மையை உணர்ந்ததாக நீதிபதி எழுதியிருந்தார்.

காப்பறைப் பொறுப்பிலுள்ள எழுத்தர் காதர் பாய் எனக்கு ஆறுதல் சொன்னார்: "இருபது வருஷமா நானே எதையும் பிரிச்சுப் பார்த்ததில்லம்மா. உள்ளே கத்தி இருக்கோ கத்திரிக்காய் இருக்கோ, சீலு சரியா இருந்தா சட்டமும் சரியா இருக்கும்."

மேலே இருந்தவர்

மேல்முறையீடு செய்து தண்டனையை நிறுத்திவைத்தோம். உயர் நீதிமன்றத்தில் அது யாரிடம் வரும் என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வரி வழக்குகளிலேயே வளர்ந்தவர். சாட்சிக்கூண்டு எந்தப் பக்கம் இருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியாது என்று பேச்சு. ஒரு வழக்கில், சாட்சி கூண்டில் ஏறியதும் பேச்சை மாற்றிவிட்டார் என்று சொன்னபோது, "மாற்றப்போவதாக முன்கூட்டியே ஒரு மனு போட்டிருக்கலாமே" என்றாராம். அந்தக் கதையை நானே நான்கு பேரிடம் சொல்லி நான்கு கையெழுத்து வாங்கினேன்.

இவருக்கு விசாரணை விவரம் தெரியாது என்று தேசம்மாவிடமும் சொல்லிவைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெவரம் தெரிஞ்சவரு அஞ்சு வருசம் போட்டாரு. வெவரம் தெரியாதவரு எம்மாம் போடுவாரு?"

கோணி

நீதிபதி முதலில் கேட்ட கேள்வி: "ஆயுதம் எப்படி இருக்கும்?"

கீழ் நீதிமன்றத்தில் எண் இடப்பட்டுக் காப்பறையில் இருப்பதாக அரசு வழக்குரைஞர் தெரிவித்தார்.

"எண் இட்டது தெரிகிறது. பார்த்தது யார்?"

அரசு வழக்குரைஞர் கோப்பைப் புரட்டினார். தொழிலின் மானம் போகிறதே என்று நான் எழுந்து, "விசாரணை நீதிமன்ற நடைமுறையில் கோணியைப் பிரிப்பது வழக்கமில்லை" என்று விளக்கத் தொடங்கினேன். என் கட்சிக்காரிக்கு எதிராக நானே வாதாடுகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "எனக்கு அந்த நடைமுறை தெரியாது அம்மா, அதனால்தான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கோணியை அனுப்பிவைக்க உத்தரவிட்டார்.

அடுத்த வாரம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்த ஆட்டோவில் காதர் பாய் அதைக் கொண்டுவந்தார். முத்திரை உடைந்தது. மூன்று ஆண்டு மீன் நாற்றம் எழுந்தது. நீதிபதி மூக்கைப் பொத்தவில்லை. உள்ளே ஒரு முழ நீளப் பலகை. அதில் ஆணியடித்து நிறுத்திய வளைந்த துருப்பிடித்த இரும்பு. அரிவாள்மனை. உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால்தான் மீனையே வெட்டும்.

சாட்சிகள் சொன்னபடி எழுந்து நின்று ஓங்கிக் காட்டுமாறு அரசு வழக்குரைஞரிடம் நீதிபதி கேட்டார். அவர் பலகையை இரு கையாலும் தூக்கினார். வெட்டும் பக்கம் அவருடைய கழுத்துப் பட்டையையே பார்த்தது. கடைசி வரிசையிலிருந்து தேசம்மா அலறினாள்: "சாரு, அத்த கீய வையி சாரு! நீ கிழிச்சிகினா அதுக்கும் என்னியத்தான் உள்ள தள்ளுவாங்கோ!"

கணக்குச் சொன்னவள்

விடுதலையாகி வெளியே வந்ததும் தேசம்மா அழவில்லை. அரிவாள்மனை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று விசாரித்தாள். என் கையிலிருந்த மனு என்னவென்றும் கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள்.

"அங்க இருந்தவரு இருபத்தஞ்சு வருசம். கோணிய தொறக்கல. இவரு இப்பத்தான் வந்தாரு, தொறந்துட்டாரு. நீ எத்தினி வருசம் வக்கீலம்மா?"

"முப்பத்தெட்டு."

"அதான் பாத்தேன்."

உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு விசாரணை அனுபவம் வேண்டும் என்ற என் கட்சியை நான் இன்னும் கைவிடவில்லை. அந்த மனுவுக்காக வாதாட வேறு வழக்குரைஞரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.