பெருநாளும் மதகுப் பலகையும்

டன்லப் ஸ்ட்ரீட் முனையில் டீயும் இஞ்சி டீயும் விற்கும் சரபத் கடை வைத்திருந்த அப்துல் அலீமுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு விறகைப் பார்ப்பார், விறகைத் தள்ளிவிட்டுக் குழாயைப் பார்ப்பார். "உங்க உடம்புல உட்காரற எலும்பே கிடையாது" என்பாள் அவர் மனைவி சம்சுன்னிசா.

அந்த மனுஷனைக் கிராஞ்சிச் சதுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவர் தங்கராஜு. பிடபிள்யூடி ஸ்டோரில் வேலை, கடையில் தினமும் இஞ்சி டீ. பறவை பார்க்கும் சங்கத்தில் அவரும் ஓர் ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் சும்மா சுற்றிப் பார்க்க ஏறிய அலீம், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டதில்லை.

அங்கே காப்புக்காட்டை ஒட்டி, ஒரு தவுக்கே, சீன முதலாளி, கைவிட்ட இறால் குளம் இருந்தது. வடக்கே எங்கேயோ பனி கொட்டும் மாதங்களில் உள்ளான் பறவைக் கூட்டம் நம் கடற்கரைக்கு வரும். மலாய்க்காரர்கள் கெடிடி என்பார்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது வெளிச்சேற்றில் மேயும். கடல் ஏறினால் அந்தச் சேறு மூழ்கிப்போகும். அப்போது அதுகளுக்குக் கால் வைக்க இடம் வேண்டும். குளத்து மதகில் பலகையை இறக்கிக் கடலை வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே சேறு காயாமல், மூழ்காமல் கிடக்கும். மொத்தக் கூட்டமும் அங்கே வந்து நிற்கும்.

சங்கத்துக்காரர்கள் தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூக்கு வளைந்ததா நேரா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அலீம் கண்ணாடியைத் தொட மாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நண்டு பறித்த ஓட்டைகளை அடைப்பார், கால்வாயில் சிக்கிய தகரத்தை எடுப்பார். இங்கே மட்டும் அவருடைய பரபரப்புக்கு ஒரு வேலை இருந்தது.

அறுபத்தேழாம் வருஷம் ஜனவரி. நோன்பு முடியப்போகிற வாரம், மதகின் அடிப்பலகை இற்றுப்போய் வெடித்துவிட்டது. அன்று ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து குளம் தளும்பியது. உள்ளான் கூட்டம் தலைக்கு மேலே சுற்றியது, சுற்றியது, இறங்க இடமில்லாமல் திரும்பத் திரும்பச் சுற்றியது. எங்கே போயிற்றோ தெரியவில்லை. நோன்பு இரவின் தராவீஹ் தொழுகையில் நின்றபோதும் அலீமின் கண்ணுக்குள் அந்தச் சுற்றல்தான். "யா அல்லாஹ், என் மனசை நிறுத்து" என்று துஆ கேட்டார். நிற்கவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. பெருநாள் என்றால் புதுப்பிறை. புதுப்பிறை என்றால் கடல் பெரிதாக ஏறும். பலகை இல்லாமல் அந்த ஏற்றம் வந்தால் மழையில் ஊறிய வரப்பே அறுத்துக்கொண்டு போய்விடும்.

பகலில் கடை மூடியிருக்கிற மாதம்தானே. தண்ணீரில் இற்றுப்போகாத நல்ல செங்கால் மரத்தில் அகலமாக ஒரு பலகை தேடி, இழைத்து, எண்ணெய் பூசி, தூக்குவதற்கு நடுவில் ஒரு இரும்பு வளையமும் அடித்தார். சாக்கில் சுற்றி வாசல் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பெருநாளும் அதுவுமா நீங்க வரவேணாம் பாய்" என்றார் தங்கராஜு. "மருமகன் வீட்டுக்காரங்க முதல்தடவையா வராங்கன்னு சொன்னீங்கல்ல? நான் முதல்நாள் சாயந்தரமே வந்து பலகைய எடுத்துக்கறேன். பெருநாள் காலைல போட்டுடறேன்."

"அடிப்பள்ளத்துல சரியா உட்காரணும் தங்கராஜு."

"உட்காரும் லா. நீங்கதான் உட்கார மாட்டேங்கறீங்க."

பெருநாள் காலை. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, எல்லாரையும் கட்டித் தழுவி முஸாஃபா செய்துவிட்டு அலீம் வீடு வந்தார். கொஞ்ச நேரத்தில் மகள் ஹலீமாவும், மருமகன் ஜக்கரியாவும், அவன் தாயார் மைமூன் அம்மாவும் பசியாற வந்து இறங்கினார்கள். ஜக்கரியா ஜவுளிக் கடை ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவன். காத்தோங்கில் அவர்கள் வீட்டில் மேசை நாற்காலி உண்டு. அதனால் சம்சுன்னிசாவும் விடவில்லை. வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசை ஒன்று கூடத்தில் நின்றது. மேலே நெய்ச்சோறு, கோழி, வட்டிலப்பம்.

"மேசை ஏது?" என்று அலீம் காதோடு கேட்டார்.

"பேசாம இருங்க. மானத்தை வாங்காதீங்க."

சோற்றுத் தட்டு லேசாக ஆடியது. பிடித்து நிறுத்தலாம் என்று விரிப்புக்கு அடியில் கையை விட்டார். விரலில் ஒரு இரும்பு வளையம் தட்டியது.

மனைவியின் காதோரம் மறுபடி குனிந்தார்.

"சம்சு, வாசல்ல சாக்குல ஒரு பலகை இருந்ததே?"

"அதான் இது. நல்லா வழவழன்னு இருந்துச்சு. ரெண்டு பெட்டி மேல போட்டேன்."

"அப்ப சாக்குல?"

"கடை பெஞ்சுப் பலகை. எண்ணெய்ப் பிசுக்கு, பார்க்கவே சகிக்கல. வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு நேத்து மத்தியானமே அதைச் சாக்குல சுத்தி வச்சேன். ஏன், காணோமா?"

நேற்றுச் சாயந்தரம் தங்கராஜு தூக்கிப்போன சாக்கோடு டீக்கடை பெஞ்சு கிராஞ்சிக்குப் போய்விட்டது. மதகுப் பலகை மேல் கோழி உட்கார்ந்திருக்கிறது. கடல் ஏறிக்கொண்டிருக்கிறது.

அலீம் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். வாயைத் திறந்தால் முதல் பெருநாளிலேயே மகளுக்குத் தலைகுனிவு. திறக்காவிட்டால் தங்கராஜு ஒற்றை ஆளாக அங்கே ஒரு பெஞ்சை வைத்துக்கொண்டு நிற்பார்.

"என்ன சம்பந்தி, முள்ளு மேல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றார் மைமூன் அம்மா.

அலீம் சொல்லிவிட்டார். குளம், மதகு, உள்ளான், சாக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சம்சுன்னிசா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மைமூன் அம்மா விரிப்பைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு? ஹலீமா, பாயை விரி. எல்லாரும் ஒரே தட்டைச் சுத்தி, சஹன்ல கீழ உட்கார்ந்து சாப்பிட்டே வளர்ந்தவ நான். எங்க வீட்டு நாற்காலில எனக்கு இடுப்புதான் வலிக்குது." மகனைப் பார்த்தார். "மாமாவை வேன்ல கூட்டிட்டுப் போடா."

"உம்மா, பசி..."

"ஒரு மாசம் தாங்கின பசிதானே? ஓடு!"

வழியெல்லாம் அலீம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார். மரத்துக்குப் பின்னால் தெரியாத கடலை அவர் கண் தேடியது. "மாமா, நீங்க உள்ள இருந்தாலும் வண்டி இதே ஸ்பீட்லதான் போகும்" என்றான் ஜக்கரியா.

தங்கராஜு மதகில் இடுப்பளவு தண்ணீரில், பெஞ்சுப் பலகைக்கு முதுகு கொடுத்து நின்றார். இரண்டு பக்கமும் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"பாய்! பெருநாள் வாழ்த்துகள்! உங்க பெஞ்சுல இன்னும் டீ வாசம் போகல!"

அலீம் புதுச்சட்டையோடு இறங்கினார். ஜக்கரியா வளையத்தைப் பிடித்துப் பலகையை இறக்க, அவர் தண்ணீருக்குள் மூழ்கிக் கையால் தடவி அடிப்பள்ளத்தில் பொருத்தினார். பிஸ்மில்லாஹ் சொல்லி மேலே ஏறி நின்று மிதித்தார். மரம் இறுகியது. பீறிட்ட சத்தம் கசிவாகி நின்றது.

குளத்தில் பாதிக்குமேல் தண்ணீர் புகுந்துவிட்டது. பின் வரப்பை ஒட்டி நீளமாக ஒரு சேற்றுத் திட்டு மட்டும் மிச்சம். மேலே கூட்டம் சுற்றியது. ஒரு சுற்று சாய்ந்து வந்தது, இறங்கவில்லை. அடுத்த சுற்றில் ஒன்று கால் நீட்டியது. பின்னாலேயே மொத்தமும் அந்தத் துண்டுச் சேற்றில் இடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கியது. இறங்கியதும் ஒற்றைக் காலில் நின்று, முதுகுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அலீம்.

"இதுங்க எப்ப மாமா ஊருக்குத் திரும்பும்?"

"மார்ச் வரைக்கும் இருக்கும்."

"அப்ப மார்ச் வரைக்கும் மாமி உங்ககூடப் பேச மாட்டாங்க."

தங்கராஜு சட்டையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். மூன்று பேரும் ஈர வரப்பில் உட்கார்ந்தார்கள். சேறும் சகதியுமாக, வயிறு காய, அலீம்கூட உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம்தான். பிறகு எழுந்து போய்ப் பலகையைக் காலால் இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தார்.