நேரலையில் கேட்ட சத்தம்

அந்த அரசு மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆக்சிஜன் கிடங்கின் சாவிக்கொத்து இருபத்திரண்டு வருடமாக இடுப்பில் தொங்கியதால், பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கும் பெண் வரை எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன். ஆள் கொஞ்சம் சிடுமூஞ்சி. ஆனால் வேலையில் புலி. நிரம்பிய சிலிண்டர் வந்தால் அதன் கழுத்தருகே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். தீர்ந்து திரும்பினால் அதன் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டே கோட்டில் கிடங்கு முழுவதும் அவர் கண்ணுக்குள் இருக்கும்.

தொற்று ஊரையே படுக்க வைத்த மூன்றாவது மாதத்தில், குறுக்குக் கோடு விழுந்த சிலிண்டர்களே கிடங்கை அடைத்துக்கொண்டு நின்றன. மேலிடத்துக்கு மூன்று கடிதங்கள் போயின. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: "தட்டுப்பாடு ஏதும் இல்லை என மாண்புமிகு அமைச்சர் ஏற்கெனவே அறிவித்துவிட்டதால், தட்டுப்பாட்டைக் குறிப்பிடும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க இயலாது." அதைப் படித்துவிட்டு சாவி அண்ணன் சிரித்தார். வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு. மூன்றாவது வார்டில் அவருடைய அக்கா நாலு நாளாகக் குழாயில் வரும் ஆக்சிஜனில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

கடிதத்தின் பின்னாலேயே அமைச்சரும் வருவதாகத் தகவல் வந்தது. ஆக்சிஜன் மலைபோல் குவிந்திருப்பதை நேரலையில் நாட்டுக்குக் காட்டப் போகிறாராம். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாவி அண்ணன் காலையில் அக்காவைப் பார்க்க வார்டுக்குப் போயிருந்த நேரத்தில், மாற்றுச் சாவி போட்டுக் கிடங்கைத் திறக்கச் சொன்னார். அறுபது சிலிண்டர்களும் முற்றத்துக்கு வந்தன. சோப்புத் தண்ணீரில் குளித்தன. பளபளவென்று வரிசை கட்டி நின்றன.

திரும்பி வந்த சாவி அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், இதுல இருந்த கோடெல்லாம் எங்க?"

"என்ன கோடு? ஒரே அழுக்கா இருந்துச்சு, கழுவச் சொன்னேன். இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

"இதுல பன்னெண்டுலதான் சார் ஆக்சிஜன் இருக்கு. எந்தப் பன்னெண்டுன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அவர் போனதும் பாத்துக்கலாம். இப்ப வாயத் திறக்காதீங்க."

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. அமைச்சர் வரிசைக்கு முன்னால் நின்று, ஒரு சிலிண்டரின் மேல் செல்லமாகக் கைவைத்துப் பேச ஆரம்பித்தார். கை வைத்தது காலி சிலிண்டரா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது.

அப்போதுதான் மூன்றாவது வார்டு நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணே, ஆக்சிஜன் லைன்ல அழுத்தம் இறங்கிட்டே இருக்கு. பத்து நிமிஷம்கூடத் தாங்காது."

ஒவ்வொரு சிலிண்டராக அளவுமானி மாட்டிப் பார்த்தால், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் மேலே வார்டில் இருக்கும் முப்பது பேருக்கு இல்லை. சாவி அண்ணன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். நிரம்பியது தட்டினால் மந்தமாகத்தான் பேசும். காலியானது ஊரைக் கூட்டும்.

ணங்.

அமைச்சரின் பேச்சு ஒரு நொடி தடுக்கியது. கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "யோவ், லைவ் போயிட்டிருக்கு! தட்டாத!"

"மேல எங்க அக்கா இருக்கா சார். கைய விடுங்க."

"வேல போயிடும்யா!"

"போகட்டும்."

கையை உதறினார். ணங். ணங். "ஒரு சிலிண்டருக்குக்கூடத் தட்டுப்பாடு..." என்றார் அமைச்சர். ணங். அடுத்த வரிசையிலும் ணங். சாவி அண்ணனுக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்பேனர் வழுக்கியது. அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே தட்டினார். பதினேழாவது சிலிண்டரில்தான் 'தொப்' என்றது. நர்ஸும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும் அதை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். கேமராக்காரர் அமைச்சரை விட்டுவிட்டு ஸ்பேனர் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஏங்க, அந்தச் சத்தம் மட்டும் ஏன் வேற மாதிரி இருந்துச்சு?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

சாவி அண்ணன் நிமிரவே இல்லை. "அதுலதான் ஆக்சிஜன் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தட்டினார்.

லைனில் அழுத்தம் ஏறியபோது ஒன்பதாவது நிமிடம். அன்று மாலையே, எந்தக் கடிதமும் எழுதாமல், இரண்டு லாரி ஆக்சிஜன் வந்து வாசலில் நின்றது. நாலாவது நாள் சாவி அண்ணனுக்கும் ஒரு கடிதம் வந்தது. தற்காலிகப் பணிநீக்கம். மாண்புமிகு அமைச்சரின் உரையின்போது அரசு உடைமையைத் தட்டிப் பலத்த சத்தம் எழுப்பியதற்கு விளக்கம் தர வேண்டும்.

அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்துதான் பதில் எழுதினார். அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை லேசாக விலக்கி, "என்னடா எழுதற?" என்றாள்.

"மூடு அத. பேசாத" என்று அதட்டினார். அவள் மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கம் பக்கமாக எழுதியிருந்ததையெல்லாம் கிழித்துவிட்டு, புதுத் தாளில் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, உள்ளே ஆக்சிஜன் இருந்திருந்தால் அவ்வளவு சத்தம் வந்திருக்காது."