கண்ணாடியில் ஒரு வட்டம்

நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தோம். காலையில் கணவரை ரயில் ஸ்டேஷனில் விட்டுவிட்டு காரை நான் திருப்பி ஓட்டிக்கொண்டு வருவேன். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று விடிவதற்குள் மழை பெய்து அப்படியே உறைந்திருந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. வைப்பர் இரண்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கணவர் ஸ்கிரேப்பரை எடுத்து, ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் சுரண்டினார். ட்ரெய்னுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"போதும், ஏறு. ஹீட்டர் போட்டா மீதி தானா உருகிடும்."

உருகவில்லை. குனிந்து அந்த வட்டத்தின் வழியாகப் பார்த்தே ஸ்டேஷன்வரை ஓட்டினார். "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். மீதியை நான் அங்கேயே சுரண்டியிருக்கலாம். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளம்பிவிட்டேன்.

எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் திரும்பியதும் எதிரே சூரியன். கண்ணாடி ஒரே வெள்ளையாகிவிட்டது, வட்டமும் சேர்ந்து. கறுப்பாக ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், பிறகு நின்றது. பானட்டின் மேல் ஒரு கை தெரிந்தது.

ஒரு பெண். நர்ஸ் உடைக்கு மேல் கறுப்புக் கோட். நைட் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார். நடைபாதை வழுக்கியதால் சாலையில் இறங்கி நடந்திருக்கிறார். முதலில் ஆங்கிலத்தில் கத்தினார். கதவைத் திறந்து நான் "ஐயோ, அடிபட்டுச்சா?" என்றதும் தமிழுக்கு மாறினார். கோபம் மட்டும் மாறவில்லை.

"கண்ணு தெரியாம எதுக்குங்க வண்டி எடுக்குறீங்க? ஒரு செகண்ட் லேட்டாயிருந்தா நான் வேலை பாக்குற எமர்ஜென்சியிலயே என்னைக் கொண்டுபோய்ப் போட்டிருப்பாங்க!"

அவரே ஸ்கிரேப்பரைக் கேட்டு வாங்கிச் சுரண்டத் தொடங்கினார். நான் ஒரு காலி கேசட் டப்பாவால் மறுபக்கம் சுரண்டினேன். அவருக்கும் எங்கள் வளாகத்தில்தான் வீடு. ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாங்க. இன்னிக்கு உங்க வண்டில ஏற மாட்டேன்" என்று நடந்து போனார்.

மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒண்ணும் ஆகலேல்ல? விடு."

"ஆகியிருந்தா?"

அவர் டிவியைப் பார்த்தபடி இருந்தார். மறுநாளிலிருந்து இருபது நிமிடம் முன்னதாக நானே கீழே இறங்கினேன். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்குகள் எல்லாவற்றையும் சுரண்டினேன். கம்பளிக் கையுறை ஈரமாகி விரல்கள் மரத்துப்போகும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதேபோல் கெட்டியான பனிக்கட்டி. பாதி சுரண்டியபோது கணவர் வந்து சாவிக்குக் கை நீட்டினார்.

"போதும், ட்ரெய்ன் போயிடும்."

"போகட்டுங்க. முழுசாத் தெரியாம இந்த வண்டி நகராது."

ட்ரெய்ன் போய்விட்டது. அடுத்த ட்ரெய்னுக்குப் போகும்போது வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் கீழே போனபோது, அவர் எனக்கு முன்பே இறங்கிப் பின்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.