தொறக்கச் சொல்லலயே

எங்கள் அரிசி டிரம்மின் மூடிமேல் ஒரு சிவப்பு இரும்புச் சக்கரம் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான், பெயிண்ட் பாதி உரிந்துவிட்டது. தண்ணீர் பைப்பின் கேட் வால்வைத் திருகுகிற பிடி அது. யாராவது இது என்ன என்று கேட்டால், "எங்க அக்காவோட தாலி" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. தாலியையாவது கழற்றி வைத்துவிட்டுக் குளித்திருப்பாள், இதை இடுப்பில் சாவிக்கொத்தோடு முடிந்துகொண்டுதான் குளித்தாள்.

பாகம் பிரித்தபோது வடக்கனந்தல் வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது. தண்ணீர்த் தொட்டி அவள் பக்கத்து மாடியில் நின்றுவிட்டது. அதிலிருந்து எங்களுக்கு வரும் பைப்பும் வால்வும் அவள் பின்கட்டில். எங்கள் பக்கம் ஒரு குழாய் கெட்டுப்போனாலும் நான் சுவரோரம் போய் நின்று, "அக்கா, கொஞ்சம் தண்ணிய நிறுத்துங்கக்கா" என்று கேட்க வேண்டும். நான் யாரிடமும் கேட்டு நின்று பழகியவள் அல்ல. என் பிறந்த வீட்டுக் கிணற்றில்தான் தெருவே தண்ணீர் கேட்டு நிற்கும். அது அவளுக்கும் தெரியும். முதல் முறை கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்காது. மூன்றாம் முறைக்குத்தான் கேட்கும்.

என் பெண்ணுக்கு மணலூர்பேட்டையிலிருந்து நல்ல இடம் வந்தது. அவர்கள் முதலில் ஓரகத்தியின் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனவர்கள். என் பெண்ணைப் பிடித்துவிட்டது. கை நனைப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. கை நனைக்காமல் எழுந்து போனால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை.

அவர்கள் வருகிற அன்று காலையில், கை கழுவும் இடத்துக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. "சம்பந்தி வூட்டாளுங்க வந்து நிக்கிற எடத்துல, மூக்கு ஒழுவுற புள்ள கணக்கா இத்த வச்சிக்கினு இருக்கிறியே" என்று திட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் பிளம்பரை அழைத்து வந்தார். நான் சுவரோரம் போனேன். அன்றைக்கு முதல் கூப்பாட்டிலேயே ஓரகத்திக்குக் காது கேட்டது. "இதுக்கு இன்னாடி, நிறுத்தறேன்" என்று சிரித்தாள். பழசைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டியாயிற்று. திறந்துவிடச் சொல்லலாம் என்று போனால் ஆள் இல்லை. பெண்ணையும் கூட்டிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டைப் பூட்டிவிட்டு திருநாவலூர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வால்வில் சக்கரம் இல்லை. மொட்டைத் தண்டுதான் நின்றது. பிளம்பர், ஏறிக் குதித்துக் குறடு போட்டுத் திருகிவிடுகிறேன் என்றார். "எங்க அண்ணன் வூட்டு சுவர ஏறிக் குதிக்கறதா? நல்லா கீது" என்றார் என் வீட்டுக்காரர். மோட்டார் கொட்டகையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து வைத்தோம்.

இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ எழுந்தார். குடத்தண்டை நான் போவதற்குள், பளபளவென்றிருந்த புதுக் குழாயை அந்தம்மா திருகிவிட்டார். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நான் சொம்பில் தண்ணீரோடு போய் நின்றேன். சகுனத் தடை என்று அந்தம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "இன்னொரு நாளு கை நனைக்கிறோங்க" என்றார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

சாயங்காலம் ஓரகத்தி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நிறுத்தச் சொன்ன, நிறுத்துனேன். தொறக்கச் சொல்லலயே" என்றாள்.

பெண்ணைப் பிறகு கல்வராயன் மலையடிவாரத்தில் ஒருவனுக்குக் கொடுத்தோம். குடிகாரன். அவன் அடித்ததில் ஒரு காது செவிடாகி, அவள் என்னிடமே திரும்பி வந்துவிட்டாள்.

பின்னால் எங்களுக்குத் தனித் தொட்டி, தனிப் பைப் என்று வந்துவிட்டது. ஓரகத்தி மட்டும் சக்கரத்தை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. புருஷனும் செத்துப்போய், போன வருஷம் பக்கவாதத்தில் விழுந்தாள். பேச்சு நின்றுவிட்டது. அவள் பெண் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்க, அவளுக்குக் கஞ்சி ஊற்றித் துணி மாற்றியது என் பெண்தான். நான் தடுத்தும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம், "பெரிம்மா உன்னப் பாக்கணும்னு கை காட்டிக்கினே கீதும்மா" என்று என்னை இழுத்துப் போனாள். ஓரகத்தி சரியாக இருந்த கையால் சக்கரத்தை என் பக்கம் நகர்த்தினாள். வாங்கிக்கொண்டேன். அவள் கண் பக்கத்தில் இருந்த சொம்புக்குப் போனது. உதடு வெடித்திருந்தது. சொம்பை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"வாயத் தொறந்து கேளுங்கக்கா. கேட்டா ஊத்தறேன்."

கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது. என் பெண் சொம்பைப் பிடுங்கி அவள் வாயில் ஊற்றினாள். மறுநாள் ஓரகத்தி போய்ச் சேர்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் சக்கரத்தைக் கொடுத்தாள் என்கிறாள் என் பெண். எதையும் திறக்காத சக்கரத்தைக் கொடுத்துவிட்டு என்ன மன்னிப்பு? நான் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை.

போன வாரம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்டியது. வால்வு மாடியில் இருக்கிறது. படியேற என் முட்டி விடாது. பெண்தான் போய் மூடிவிட்டு வந்தாள். பிளம்பர் வாசர் மாற்றிவிட்டுக் கிளம்பினார். உலை வைக்க வேண்டும். அவள் காதுக்காக எதையும் ஜாடையில் சொல்லிப் பழகியவள் நான். மாடிப் பக்கம் கையைக் காட்டினேன். அரிசி டிரம்மில் சாய்ந்து, சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டு நின்றவள் நகரவில்லை.

"வாயத் தொறந்து கேளும்மா" என்றாள்.

நல்ல காது என் பக்கம்தான் இருந்தது. கேட்டேன். முதல் முறை அவளுக்குக் காது கேட்கவில்லை.