நம்ம பொட்டி 'லெகசி' ஆன செவ்வாய்

"செப்டம்பர், இரண்டாம் செவ்வாய். டெமோ. நம் பில்லை வாடிக்கையாளரின் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. காரணம், ஒரே ஒரு '&'."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மற்ற நாட்களில் மழை, பஸ் தாமதம், படித்த புத்தகம் எல்லாம் எழுதுகிறவன் நான்.

பொம்மசந்திராவில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இருவர் இருந்தோம். நான் ஒருவன், அல்சூரிலிருந்து வந்துபோன, என்னைவிட இளைய நண்பன் மற்றவன். கொள்முதல், இருப்பு, பில் எல்லாமே ஒரு பழைய சர்வரில் ஓடின. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. 'நம்ம பொட்டி' என்று அதற்குப் பெயர் வைத்தவன் அவன்தான்.

இனி பில்களைத் தங்கள் வெப் சர்வீஸுக்கு எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்ப வேண்டும் என்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்பும் முறை அது. பொட்டி அதைச் செய்துகாட்டினால் இருக்கட்டும், இல்லையென்றால் புது மென்பொருள் வாங்கிவிடலாம் என்றார் மேனேஜர். பொட்டி போனால் எனக்கு அங்கே வேலையில்லை. அதை அவர் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நாங்கள் பொட்டியை எக்ஸ்எம்எல் பேசவைத்தோம். எங்கள் சொந்த வேனில் போன சரக்குக்கான பில்கள் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தன. டெமோ நெருங்கியபோதுதான் எனக்கு லாரிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். பில்லில் லாரி கம்பெனியின் பெயரும் போகும். நம் ஊர்ப்பக்கம் '& சன்ஸ்', '& பிரதர்ஸ்' இல்லாத லாரி கம்பெனி ஏது? எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்கு வேறு வேலை இருக்கிறது. அப்படியே அனுப்பினால் முழு பில்லும் செல்லாது. அதை மாற்றி அனுப்ப நிரலில் ஒரு வரி போதும். எழுதிவிட்டேன். ஆனால் திங்களன்று ஓசூரில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். அந்த வரியைப் பொட்டியில் ஏற்றும் வேலையை அவனிடம் விட்டேன்.

"சும்னே டென்ஷன் ஆவாதீங்கண்ணே. போய் பிரியாணி சாப்ட்டு வாங்க."

"கிரகப்பிரவேசத்துல ஏதுப்பா பிரியாணி?"

"அப்ப கேசரி சாப்டுங்க. நான் ஏத்திடறேன்."

பிற்பகலில் போன் செய்தான். "ஏத்தியாச்சுண்ணே."

செவ்வாயன்று மேனேஜர் முன்னிலையில் ஒரு லாரி பில்லை அனுப்பினோம். திரும்பி வந்தது. பிழைச் செய்தியில் '&' என்று கண்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. "ஒரு வரி ஏறல சார், பத்து நிமிஷம் குடுங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குள் நண்பன் பேசினான்.

"சார், இது லெகசி சிஸ்டம். ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு வரும்."

"ஹாகாத்ரே ஈ மெஷின் கைலி ஆகல்வா?" என்று கன்னடத்தில் கேட்டார் மேனேஜர். அப்படியானால் இந்த மெஷினால் முடியாதா என்பது கேள்வி.

"கஷ்ட சார்," என்றான் நண்பன், என் பக்கம் திரும்பாமல்.

லெகசி என்றால் அகராதியில் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. கம்ப்யூட்டர்க்காரர்கள் வாயில் அதற்கு, தூக்கிப்போட வேண்டியது என்று பொருள். அத்தனை வருடங்களில் அவன் அந்தச் சொல்லை என் காதுபட ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அன்றே அந்த வரியை ஏற்றி, அதே பில்லை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய் மேனேஜரின் மேசையில் வைத்தேன். "குட்," என்றார். புது மென்பொருள் வாங்க மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது என்றார். அந்த வேலைக்குத் தலைவனாக நண்பனின் பெயர் வந்தது. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

டீக்கடையில் அவனிடம் கேட்டேன்.

"ஏத்தியாச்சுன்னு சொன்னியேப்பா?"

"ஏத்தினேண்ணே, சத்தியமா."

"அப்ப அந்த லெகசி?"

"அது எல்லாரும் சொல்றதுதானே. நீங்க வேற, அதப் போயி..." சிரித்தான். என் டீக்கும் அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான். பிறகு நாங்கள் சேர்ந்து டீ குடிக்கவில்லை.

ஸ்டோர்ஸுக்குப் போகுமுன் சர்வரின் பதிவைப் பார்த்தேன். திங்கள் பிற்பகலில் அந்த வரி ஏற்றப்பட்டிருக்கிறது. அதுவரை அவன் சொன்னது உண்மை. அன்று மாலையே பழைய நிரல் மறுபடி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே பயனர் பெயரில் நடந்திருக்கின்றன. வேலை சுலபமாக இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் ஒரே பெயரில்தான் நுழைவது வழக்கம். அதன் பாஸ்வேர்டு மேனேஜருக்கும், சர்வரைப் பராமரிக்க வரும் கம்பெனி ஆளுக்கும்கூடத் தெரியும்.

நான் ஓசூரில் இருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். அந்த மாலை வரியை எடுத்தது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.